கீபோர்டுக்குச் சாயம்: எந்த நிறம் ஏறும், எது ஏமாற்றும்

சாயப் பாக்கெட்டின் அட்டையில் இருக்கும் நிறம் உங்கள் கீபோர்டில் வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அட்டையில் இருப்பது வெள்ளைத் துணியில் அந்தச் சாயம் காட்டும் நிறம். உங்கள் கையில் இருப்பது துணியும் அல்ல, அநேகமாக வெள்ளையும் அல்ல. நான் முதன்முதலில் முக்கியது பழைய கீபோர்டு ஒன்றின் சந்தன நிறக் கீகளை. ஆசைப்பட்டது கத்தரிப்பூ நிறம். வாங்கியதும் நல்ல ஊதாச் சாயம்தான். பாத்திரத்திலிருந்து வெளியே வந்தது கத்தரிப்பூ அல்ல, தணலில் சுட்டெடுத்த கத்தரிக்காயின் தோல். சாயத்தைக் குறை சொல்ல முடியாது. நான் போட்ட கணக்குதான் தப்பு.

பெயிண்ட் அடியில் இருப்பதை மூடிவிடும். சாயம் மூடாது. அது பிளாஸ்டிக்குக்குள் இறங்கி, ஏற்கெனவே அங்கிருக்கும் நிறத்தோடு சேர்ந்துகொள்ளும். சந்தன நிறக் கீயை நாம் நிறமில்லாத கீயாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது இலேசாக மஞ்சள் போட்ட கீ. மஞ்சள், வெளிச்சத்திலுள்ள நீலத்தை விழுங்கும். ஊதா, பச்சையை விழுங்கும். இரண்டும் விழுங்கிய பிறகு திரும்பி வருவது கொஞ்சம் சிவப்பு, அதுவும் மங்கலாக. அதைத்தான் நாம் பழுப்பு என்கிறோம். என் கத்தரிக்காய்த் தோலின் கதை இவ்வளவுதான்.

இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். சந்தன நிறத்தின் மேல் நீலம் போட்டால் மயில்கழுத்து கிடைக்கும். ரோஸ் போட்டால் செங்கல்பொடி கலந்த ரோஸ் வரும். ஆரஞ்சு, அரக்கு, கிளிப்பச்சை, பாக்கு நிறம் எல்லாம் அழகாக உட்காரும், ஏனென்றால் அவற்றுக்குள் ஏற்கெனவே மஞ்சள் இருக்கிறது. ஆனந்தா நீலமோ வாடாமல்லியோ வேண்டுமென்றால் சுத்த வெள்ளைக் கீயில்தான் முயல வேண்டும். சாம்பல் நிறக் கீயில் எதைப் போட்டாலும் புழுதி படிந்த சாயல் ஒன்று கூடவே வரும்; சிலருக்கு அதுவே பிடித்துப்போகிறது. இன்னொன்று: சாயம் நிறத்தை அடர்த்தியாக்கத்தான் செய்யும், ஒருபோதும் வெளுக்காது. கறுப்புக் கீயை வைத்துக்கொண்டு நிறம் தேடுவது வீண்வேலை. (இதற்கு ஒரு விலக்கு உண்டு, பிறகு சொல்கிறேன்.)

நிறத்துக்குப் போகுமுன் பிளாஸ்டிக் எது என்று பார்த்துவிட வேண்டும். கீகளில் பெரும்பாலானவை ஏபிஎஸ் அல்லது பிபிடி என்ற இரண்டில் ஒன்றில் செய்யப்பட்டவை. பிபிடி பாலியஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. உருகுவதற்கு 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும் என்பதால் கொதிக்கும் தண்ணீரை அது பொறுத்துக்கொள்ளும். ஏபிஎஸ் 100 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பித்துவிடும். அடிப்பக்கம் சுவிட்சில் மாட்டும் குழல் சற்று வாய் விரிந்தாலும் போதும், கீ மறுபடி இறுக்கமாக உட்காராது. கண்டுபிடிக்க எளிய வழி உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீரில் இனிக் கரையாது என்கிற வரை உப்பைப் போட்டுக் கலக்கி, கீயைப் போட்டு, உள்ளே காற்றுக்குமிழ் தங்காதபடி ஓர் உலுக்கு உலுக்குங்கள். மிதந்தால் ஏபிஎஸ், மூழ்கினால் பிபிடி. எல்லாக் கீகளையும் சோதிக்கத் தேவையில்லை. ஆனால் ஸ்பேஸ்பாரை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். பிபிடி குளிரும்போது சுருங்கும், நீளமாக இருந்தால் வளையும். அதற்குப் பயந்து மற்றதெல்லாம் பிபிடியாக இருக்க, ஸ்பேஸ்பாரை மட்டும் ஏபிஎஸ்ஸில் செய்த கீபோர்டுகள் ஏராளம். பழைய கீபோர்டுகளில் கீகள் அப்படியே இருக்க, ஸ்பேஸ்பார் மட்டும் மஞ்சளித்துப் போயிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, காரணம் இதுதான்.

கடைக்குப் போய்ச் சும்மா ‘துணிச் சாயம்’ என்று கேட்டால் பருத்திக்கானதைத் தருவார்கள். திருப்பூர்ப் பட்டறைகளில் பனியனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் பிபிடி கீயை நாள் முழுக்க வேக வைத்தாலும் ஒன்றும் ஏறாது; சோப்புப் போட்டால் வெள்ளையாகத் திரும்பி வரும். பாலியஸ்டருக்கு வேண்டியது டிஸ்பர்ஸ் சாயம். இது தண்ணீரில் கரைவதே அபூர்வம். நுண்ணிய தூளாக மிதந்துகொண்டிருந்து, சூட்டில் பிளாஸ்டிக் இளகி இடம் கொடுக்கும்போது உள்ளே நுழையும். ஆலைகளில் பாலியஸ்டருக்கு அழுத்தத்தோடு 130 டிகிரி சூடு கொடுப்பார்கள். வீட்டில் அது முடியாது, கொதிநிலைதான் உச்சம். ஆகவே வீட்டுப் பாக்கெட்டுகளில் சாயம் உள்ளே போக உதவும் துணைப்பொருள் ஒன்றும் இருக்கும். கீபோர்டு ஆர்வலர்களிடம் புழங்கும் பெயர்கள் ஜாக்கார்டின் ஐடை பாலி, ரிட் டைமோர். ‘பாலி’ என்ற சொல் இல்லாத வெறும் ஐடையும் உண்டு. அது பருத்தி, பட்டு வகைக்கானது. அவசரத்தில் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

சரி, வெள்ளை பிபிடி கீ கிடைத்துவிட்டது, சாயமும் சரியானதுதான். அப்படியும் அட்டையில் உள்ள அடர்த்தி வருவதில்லை. காரணத்தை நம் வீட்டுக் காபியிலேயே பார்க்கலாம். தண்ணீரில் டிகாஷன் ஊற்றினால் கட்டங்காபி. பாலில் எவ்வளவு ஊற்றினாலும் அது பழுப்பாகத்தான் ஆகும், கறுப்பாகாது. வெள்ளைக் கீ வெள்ளையாக இருப்பதற்கே டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத்தூளை உள்ளே கலந்திருக்கிறார்கள். அந்தத் தூள் வெளிச்சத்தைச் சிதறடித்துக்கொண்டே இருக்கும். சாயம் அதற்கிடையில்தான் குடியிருக்க வேண்டும். அதனால் வெள்ளைக் கீயில் மென்மையான நிறங்கள் மிகத் துல்லியமாக வரும். ஆழ்ந்த நிறங்கள் அரைமனதோடு வரும். கறுப்புச் சாயம் கரும்பலகை நிறத்தோடு நின்றுவிடலாம். கறுப்புக் கீதான் வேண்டுமென்றால் கறுப்பாகவே வாங்கிக்கொள்ளுங்கள். சாயம் வீட்டில் காசு மிச்சப்படுத்தும் வழியல்ல, கடையில் கிடைக்காத நிறத்தைப் பெறும் வழி.

கறுப்பைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. கறுப்பு டிஸ்பர்ஸ் சாயம் என்று விற்பது பெரும்பாலும் நீலம், ஆரஞ்சு, ஊதா போன்ற சாயங்களின் கலவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் உள்ளே போகும். ‘சாம்பல் நிறம் போதும், சீக்கிரம் எடுத்துவிடலாம்’ என்று பாதியில் எடுத்தால் ஊதாவோ பச்சையோ கலந்த ஒரு சாம்பல் கையில் வரும். நடுநிலையான சாம்பலை வீட்டில் வரவழைப்பது கடினம். அதற்கு மெனக்கெடாமல் இருப்பதே என் ஆலோசனை.

அடுத்து எழுத்து. கீயின் மேல் எழுத்தைப் பதிக்கும் முறைகளில் ஒன்று டை சப்ளிமேஷன். சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கி பிபிடிக்குள் செலுத்துவது. அதாவது நாம் பாத்திரத்தில் செய்யப்போவதை ஆலை ஏற்கெனவே எழுத்து வடிவில் செய்து கொடுத்திருக்கிறது. எழுத்து கறுப்பு என்றால், கீயின் நிறம் எவ்வளவு ஆழமாகிறதோ அவ்வளவு அது மறையும். மாம்பழ மஞ்சளில் கறுப்பு எழுத்து வெள்ளையில் தெரிவதைப் போலவே தெரியும். ஆரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் கவலை இல்லை. நடுத்தர நீலம் வரை பார்க்கலாம். அரக்கிலும் கருநீலத்திலும் எழுத்தைத் தேட வேண்டும். கீயைப் பார்க்காமலே தட்டச்சு செய்கிறவர் எழுத்தைப் பற்றி அலட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் வீட்டில் அந்தக் கணினியை வேறொருவரும் தொடுவார் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது அந்த விலக்கு. சில கீகளில் எழுத்து அச்சல்ல. இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்திருப்பார்கள். கரிய உடல், வெள்ளை எழுத்து. அந்த வெள்ளையும் பிபிடியாக இருந்தால், ஆரஞ்சுச் சாயத்தில் முக்கும்போது உடலில் மாற்றம் எதுவும் தெரியாது. எழுத்து மட்டும் தணல் போல நிறம் மாறி வரும். கறுப்புக் கீபோர்டு வைத்திருப்பவருக்கு இருக்கும் ஒரே நல்ல வாய்ப்பு இது. விளக்கு எரிவதற்காக ஒளி ஊடுருவும் எழுத்து வைத்த கீகளில் அந்த எழுத்து வேறு பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும். ஒரு கீயில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நிறங்களை எப்படிப் பங்கிடுவது? பழைய கணினிகளிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். 1981-இல் வந்த பிபிசி மைக்ரோவில் எழுத்துக் கீகள் எல்லாம் கறுப்பு. மேலே பத்து ஃபங்ஷன் கீகள் மட்டும் செக்கச்செவேல் என்று வரிசையாக நிற்கும். 1982-இன் கமோடோர் 64-இல் கீகள் காப்பிப் பழுப்பு. 1984-இல் வந்த ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464-இல் பச்சை, நீலம், சிவப்பு என்று நிறங்களை இறைத்திருந்தார்கள். மூன்றில் இன்றும் கண்ணுக்கு உறுத்தாமல் இருப்பது பிபிசி மைக்ரோ என்பது என் கட்சி. அங்கே நிறம் ஒரு வேலையைச் செய்கிறது: ‘இந்த வரிசை வேறு’ என்று சொல்கிறது. அழகுக்காக என்று தூவிய நிறம் பத்து நாளில் சலித்துவிடும். எனவே நிறத்தைத் தேர்வதற்கு முன்பு, கீபோர்டில் எதை எதிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்விக்கு அருமையான விடை ஒன்று காத்திருக்கிறது. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையைப் பாருங்கள். 12 உயிரெழுத்துகளும் இடக்கையில். எஃப் கீயில் புள்ளி. 18 மெய்களில் பெரும்பாலானவை வலக்கையில். கூட்டினால் 31 கீகள். நம் ஊரில் விற்கும் கீபோர்டுகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்து மட்டுமே அச்சாகியிருக்கும். புதிதாகப் பழகுகிறவர் ஸ்டிக்கர் ஒட்டுவார். அது ஆறு மாதத்தில் ஓரம் எழும்பி, பிசுக்கு ஏறி, அசிங்கமாகிவிடும். சாயம் எழும்பாது.

முதலில் நான் யோசித்தது உயிருக்கு ஒரு நிறம், வல்லினம், மெல்லினம், இடையினத்துக்கு மூன்று என்று. காகிதத்தில் கலர் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். கொலுப்படி மாதிரி இருந்தது. பிறகுதான் இந்த அமைப்பின் உள்ளே இருக்கும் ஒழுங்கு கண்ணில் பட்டது. மேல் வரிசையில் ற, ன பக்கத்தில் பக்கத்தில். அடுத்து ட, ண. அடுத்து ச, ஞ. நடு வரிசையில் ப, ம, த, ந. க நடு வரிசையில் இருக்க, ங அதன் காலடியில். வல்லினம் ஒவ்வொன்றும் தன் இன மெல்லினத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. ‘தம்பி’யில் ம-வும் ப-வும் அடுத்தடுத்து விழுந்தால் புள்ளியை மென்பொருளே வைத்துக்கொள்ளும் என்பதால், இந்த ஜோடிகளை விரல் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்படியானால் இரண்டு நிறம் எதற்கு? ஒரே நீலச் சாயம், இரண்டு ஆழம் போதும். மெல்லினம் ஆறும் வெளிர் நீலம், வல்லினம் ஆறும் அடர் நீலம். இடையினம் ஆறும் சாயமே போடாத வெள்ளை. உயிர் பன்னிரண்டும் மஞ்சள். புள்ளிக்கு மட்டும் ஆரஞ்சு. பலகையில் அது ஒன்றே ஒன்று, தனித்துத் தெரிய உரிமை உள்ளது. கீகள் சந்தன நிறமாக இருந்தால் நீலத்துக்குப் பதில் பச்சையும், மஞ்சளுக்குப் பதில் ஆரஞ்சும், புள்ளிக்கு அரக்கும் வையுங்கள்.

ஒரே பாத்திரத்தில் இரண்டு ஆழம் எப்படி வரும்? நேரத்தால். ஆனால் நேரத்தை இரட்டிப்பாக்கினால் நிறம் இரட்டிப்பாகாது. சாயம் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி ஊர்ந்து போவதால், போகப்போக மெதுவாகும். தொடக்கத்தில் ஒரு நிமிடத்தில் ஏறும் சாயத்தின் இரு மடங்கு ஏற ஏறக்குறைய நான்கு நிமிடம் பிடிக்கும். நான்கு மடங்கு ஏற பதினாறு நிமிடம். ஆகவே மெல்லினத்தை 2 நிமிடத்தில் எடுத்தால் வல்லினத்தை 8 நிமிடத்திலாவது எடுக்க வேண்டும். 2-க்கும் 3-க்கும் வேறுபாடு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. வரிசைக்கு வரிசை நிறம் இறங்கிக்கொண்டே போகும் கீபோர்டு வேண்டும் என்பவர்களுக்கும் இதே கணக்குதான்: 1, 4, 16 நிமிடம்.

நீலமும் மஞ்சளும் வைத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. சிவப்பு, பச்சை இரண்டையும் பிரித்தறியச் சிரமப்படும் ஆண்கள் பலர் இருக்கிறார்கள், பலருக்கு அது தெரியவே தெரியாது. நீலம், மஞ்சளில் அவர்களுக்கும் குழப்பம் வராது. சந்தன நிறக் கீகளுக்குச் சொன்ன பச்சை, ஆரஞ்சு, அரக்கு உட்பட வேறு நிறங்களைத் தேர்ந்தெடுத்திருந்தால் அவற்றைக் காகிதத்தில் தீட்டி, செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். இரண்டு நிறங்கள் ஒரே சாம்பலாக விழுந்தால், மங்கிய மாலை வெளிச்சத்தில் கீபோர்டிலும் அவை ஒன்றாகத்தான் தெரியும்.

ஏற்றுமதிக்குத் துணி சாயமேற்றுகிறவர்கள் நேரடியாக முழு லாட்டையும் இறக்க மாட்டார்கள். முதலில் லேப் டிப் என்று ஒரு துண்டில் சாயம் போட்டு, லைட் பாக்ஸில் வைத்துப் பகல் வெளிச்சத்திலும் கடை வெளிச்சத்திலும் ஷேடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பெரிய பாத்திரம். நமக்கும் அதே முறைதான் சரி. பிபிடி கீ செட்டுகளோடு அநேகமாக நாலைந்து உதிரிக் கீகள் வரும். அவையே மாதிரித் துண்டு. உதிரி இல்லையென்றால் ஸ்க்ரோல் லாக்கைப் பலி கொடுங்கள்; அதைக் கடைசியாக எப்போது அழுத்தினீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்காது. சாயத்தண்ணீருக்குள் இருக்கும்போதும் ஈரத்தோடும் நிறத்தை எடைபோடாதீர்கள். கழுவி, துடைத்து, சன்னலருகே ஒரு முறை, இரவில் நீங்கள் வேலை செய்யும் எல்இடி விளக்கின் கீழ் ஒரு முறை பாருங்கள். சன்னலில் ஒத்துப்போன இரண்டு நீலங்கள் விளக்கடியில் முகம் திருப்பிக்கொள்வது உண்டு. நீங்கள் அதிகம் பார்க்கப்போகும் வெளிச்சத்தின் தீர்ப்பே இறுதி.

வேலை சுலபம். சமையலுக்கு இனி எடுக்கப்போவதில்லை என்று உறுதியான ஒரு எவர்சில்வர் பாத்திரம். கீகளை நேரடியாகப் போடாமல், அதற்கென ஒதுக்கிய எவர்சில்வர் வடிகட்டியில் வைத்து அமிழ்த்துங்கள். அடிச்சூடு பட்ட கீ கோணிக்கொள்ளும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டாம், கொதிக்கும் தறுவாயிலேயே நிற்கட்டும். சன்னலைத் திறந்து வையுங்கள், துணைப்பொருளின் நெடி தலைவலியைக் கொடுக்கும். கையுறை கட்டாயம். ஒரே நிறம் வேண்டிய கீகள் எல்லாம் ஒரே தடவையில் உள்ளே போக வேண்டும். இரண்டாவது தடவை சாயத்தண்ணீர் நீர்த்துப்போயிருக்கும், அதே ஷேடு கிடைக்காது. எடுத்ததும் குளிர்ந்த நீரில் போடாமல் வெந்நீரில் கழுவி, தானாக ஆற விடுங்கள். அதன் பிறகு சோப்புத் தண்ணீரில், வெள்ளைத் துணியால் தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டாத வரை அலசுங்கள். இதில் சோம்பல் கூடாது. டிஸ்பர்ஸ் சாயங்களில் சில, குறிப்பாகச் சில நீலங்கள், தோலுக்கு ஒவ்வாமை தருபவை என்று மருத்துவர்கள் அறிந்தவை. நாள் முழுக்க விரல் படப்போகும் பொருள் இது.

மிஞ்சிய சாயத்தண்ணீரை ஆற வைத்து, நிறையத் தண்ணீரோடு கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். தோட்டத்திலும் கிணற்றோரத்திலும் கொட்ட வேண்டாம். சாயக்கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்பதையும், 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்னதையும் அறிந்தவர்கள் நாம். ஆற வைப்பதற்கு முன் பழைய வெள்ளைப் பாலியஸ்டர் சட்டை ஒன்று இருந்தால் அதை அந்தத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அதே சாயம்தான், வெளிர் நிறமாக ஏறும்.

கடைசியாக ஒன்று. கீகளைக் கழற்றுவதற்கு முன் கீபோர்டை நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துவையுங்கள். பெரும்பாலான கீபோர்டுகளில் ஒவ்வொரு வரிசைக் கீக்கும் உயரமும் சரிவும் வேறு. ஆழமான நிறம் எழுத்தை விழுங்கிவிட்டால், எந்தக் கீ எந்த வரிசை என்பதற்கு அந்தச் சரிவு ஒன்றுதான் சாட்சியாக மிஞ்சும்.